கிவ் அப்புக்கு வயது 850க்கு மேல்



நம் 1996 பத்தாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். பெயர் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். அவள் மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் 50 ஃப்ரேசல் வெர்ப் எழுதிப்போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் மனப்பாடம் பண்ணி வரச் சொல்லிவிட்டார்களாம். பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுகிறதாம். "லுக் என்றால் பார், ஆஃப்டர் என்றால் பிறகு. லுக் ஆஃப்டர் என்றால் 'பிறகு பார்' என்றுதானே சார் வரணும்? எப்படி 'கவனித்துக்கொள்' ஆச்சு? இதையெல்லாம் யார் சார் கண்டுபிடிச்சது?"

34 வருஷம் ஆங்கிலம் நடத்தியவனிடம் கேட்டால் சும்மா இருப்பானா? குழுவில் எழுத இடம் போதாது என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் யார் கண்டுபிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெயர் வைத்தது யார் என்பது மட்டும் தெரியும். லோகன் பியர்சால் ஸ்மித் என்று ஒருவர், அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த எழுத்தாளர், 1925இல் 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' என்ற புத்தகத்தில் இந்தப் பெயரை அச்சில் ஏற்றினார். பெயரைத் தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அதில் சொல்லியிருக்கிறார். ஆக, பெயருக்கு நூறு வயதுதான். பெயர் இல்லாமலே இந்தப் பிள்ளைகள் பல நூறு வருஷம் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தன.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலேயர்களே பாடமாகப் படித்தால்தான் புரிந்துகொள்ள முடியும். அந்தப் பழைய ஆங்கிலத்தில் அப், அவுட், ஓவர் மாதிரியான சின்னச் சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்து மிச்சம் இன்றும் இருக்கிறது. அண்டர்ஸ்டாண்ட், வித்ஸ்டாண்ட், ஓவர்கம், அப்ஹோல்டு. அண்டர் என்றால் கீழே, ஸ்டாண்ட் என்றால் நில். "கீழே நில்" எப்படி "புரிந்துகொள்" ஆயிற்று என்று எந்தப் பிள்ளையும் அழவில்லை, ஏனென்றால் அதை ஒரே சொல்லாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். இடையில் ஒரு இடைவெளி விட்டு அச்சடித்திருந்தால் அதற்கும் அழுதிருக்கும்.

நம் தமிழில் இந்த முன்னொட்டு வேலை இன்றும் நடக்கிறது. முன் என்பதோடு ஏறு சேர்ந்து முன்னேறு. மேல் என்பதோடு கொள் சேர்ந்து மேற்கொள். கீழ் என்பதோடு படி சேர்ந்து கீழ்ப்படி. புத்தகம் வெளியிடுகிறோமே, அது வெளி, இடு. ஆங்கிலக்காரன் அதையே பிரிங் அவுட் என்கிறான். அவுட்தான் நம் வெளி. நமக்கு முன்னால் வந்தது அவனுக்குப் பின்னால் வருகிறது, அவ்வளவுதான்.

முன்னால் இருந்தது எப்படிப் பின்னால் போனது? ஒரே நாளில் நடக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். முதலில் கொள்ளையடித்தார்கள், பிறகு வயல் வாங்கினார்கள், பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியில் சின்னச் சொல் வினைக்குப் பின்னால்தான் வரும். ஆங்கிலத்திலும் ஏற்கெனவே அந்தப் பக்கம் ஒரு சாய்வு இருந்தது. இதில் நார்ஸ்காரர்களின் பங்கு எவ்வளவு என்று மொழியியல் அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்றில் வழக்கில்லை. இன்று ஃப்ரேசல் வெர்ப் பட்டியலில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற டேக், கெட், கால் மூன்றும் நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. அடுத்த வீட்டுக்காரன் கொடுத்த பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது ஆங்கிலம்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இங்கிலாந்தின் கிழக்கே பீட்டர்பரோ என்ற ஊரில் ஒரு மடம். அங்கிருந்த துறவிகள் வருஷாவருஷம் நாட்டு நடப்பை எழுதி வந்தார்கள். 1066இல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் நாட்டைப் பிடித்த பிறகு, அரசாங்க வேலை, கோயில் வேலை எல்லாம் லத்தீன், பிரெஞ்சு என்று ஆகிவிட்டது. மற்ற ஊர்களில் ஆங்கிலத்தில் வரலாறு எழுதுவதை விட்டுவிட்டார்கள். பீட்டர்பரோ மடம் மட்டும் 1154ஆம் ஆண்டுக் கதை வரை விடாமல் ஆங்கிலத்தில் எழுதியது. அதில் 1132ஆம் ஆண்டுக்கான குறிப்பில் ஒரு தகராறு வருகிறது. மடத்தின் தலைவராக ஹென்றி என்ற பிரெஞ்சுக்காரரை ராஜா போட்டிருந்தார். அவர் ராஜாவுக்கே உறவினர். மடத்தைக் கொண்டுபோய் பிரான்சில் இருக்கிற க்ளூனி மடத்துக்கு அடியில் வைக்கப் பார்த்தார். அது நடக்கவில்லை என்றதும் தன் பதவியைத் தங்கை மகனோ அண்ணன் மகனோ ஒருவனுக்கு வாங்கிக்கொடுக்கப் பார்த்தார். (நெவ்யூ என்ற ஒரே சொல்லுக்குள் ஆங்கிலம் இரண்டு உறவையும் அடைத்துவிடும், நமக்குத்தான் கஷ்டம்.) அதுவும் நடக்கவில்லை. கடைசியில் ராஜாவே அவரைக் கூப்பிட்டு, தலைவர் பதவியைத் துறந்து நாட்டை விட்டுப் போகச் செய்தார்.

இந்த இடத்தில் அந்தத் துறவி எழுதிய வினை கிவ் அப். எழுத்துக்கூட்டல் வேறு, சொல் அதேதான். நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய ஃப்ரேசல் வெர்ப்களில் அது ஒன்று. அந்தப் பக்கம் எழுதப்பட்டது 1155 வாக்கில் என்கிறார்கள். அப்படியானால் இன்றைக்கு 850 வருஷத்துக்கு மேல். பெயர் தெரியாத ஒரு துறவி, தன் மடத்தை விற்கப் பார்த்த ஒருவர் போய்த் தொலைந்த சந்தோஷத்தில் எழுதியது, நம் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் 17ஆவது வரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நார்மன் ராஜாக்கள் வந்த பிறகு ஆங்கிலம் மாடி வீடு மாதிரி ஆனது. மாடியில் பிரெஞ்சும் லத்தீனும். கீழே, அடுப்பங்கரையிலும் வயலிலும், ஆங்கிலம். நீதிமன்றத்தில் வாதாட ஆங்கிலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362இல்தான். கிட்டத்தட்ட 300 வருஷம்! அதற்குள் மாடிச் சொற்கள் ஆயிரக்கணக்கில் கீழே இறங்கிவிட்டன. ஒவ்வொரு காரியத்துக்கும் இரண்டு சொல் என்றாகிவிட்டது. சரண்டர் என்றால் மாடி, கிவ் அப் என்றால் கீழ்வீடு. கன்டின்யூ மாடி, கோ ஆன் கீழ்வீடு. எக்ஸ்டிங்விஷ் மாடி, புட் அவுட் கீழ்வீடு. டாலரேட் மாடி, புட் அப் வித் கீழ்வீடு.

நமக்கு இது புரியாத சங்கதியா? வீட்டில் ஒருவர் போனால் நாம் சொல்வது சாவு. செய்தித்தாளில் அது மரணம். பத்திரிகை அடித்தால் சிவலோகப் பதவி. எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று நமக்கு யாரும் பட்டியல் போட்டுக் கற்றுத்தரவில்லை. பக்கத்து வீட்டில் துக்கம் விசாரிக்கப் போய் "தங்கள் தந்தையார் சிவலோகப் பதவி அடைந்தது எப்போது?" என்று கேட்டால் எப்படி இருக்கும்! சென்ற தலைமுறைகளில் நம்மில் நிறையப் பேர் ஆங்கிலம் பேசியது ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் டாக்டர் சாமுவேல் ஜான்சனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும். 1755இல் வந்தது அவருடைய பெரிய அகராதி. அதன் முன்னுரையில், வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்தப் பழக்கம் வேறெந்த மொழியையும்விட ஆங்கிலத்தில் அதிகமாக இருக்கலாம் என்றும், அயல்நாட்டார் அதிகம் திண்டாடுவது இங்கேதான் என்றும் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. பிரேக் ஆஃப், செட் அவுட், ஃபால் இன், பேர் அவுட் என்று வரிசையாக எடுத்துக்காட்டி, இவற்றையெல்லாம் தேடிப்பிடித்துத் தன் அகராதியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரே பிறக்காத காலத்தில், நம் மாதிரி ஆட்களின் கஷ்டத்தை ஒரு லண்டன்காரர் யோசித்திருக்கிறார். மொழியைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பிய மற்றவர்கள் வேறு மாதிரி. கவிஞர் டிரைடன் தன் பழைய கட்டுரை ஒன்றை மறுபதிப்பு செய்தபோது, வாக்கியத்தின் கடைசியில் வந்த சின்னச் சொற்களையெல்லாம் பிடுங்கி வேறு இடத்தில் நட்டார். லத்தீனில் அப்படி வராதாம். லத்தீனில் வராததால் ஆங்கிலத்தில் வரக்கூடாது என்பது, மாமியார் வீட்டில் இட்லிக்குச் சட்னி கிடையாது என்பதற்காக இங்கேயும் சாப்பிடக்கூடாது என்பது போல.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

ஆங்கிலம் இந்தியாவுக்கு வந்தபோது கீழ்வீட்டு வழியாக வரவில்லை. 1835இல் மெக்காலே குறிப்பு, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம். பரீட்சை எழுத ஒரு ஆங்கிலம், கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு ஒரு ஆங்கிலம், ஜட்ஜ் முன்னால் நிற்க ஒரு ஆங்கிலம். ஆங்கிலேயக் குழந்தை மூன்று வயதில் அம்மாவிடம் கேட்கிற கெட் அப், சிட் டவுன், கம் ஆன், புட் இட் டவுன் எதுவும் நம் காதில் விழ வழியில்லை. அந்த அடுப்பங்கரைக்குள் நாம் போனதே இல்லை. நாம் படித்தது மில்டனையும் பர்க்கையும். விண்ணப்பம் எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக் டு சப்மிட் என்று ஆரம்பித்தால் தாத்தாக்கள் நாலு பக்கம் எழுதுவார்கள். பேச வாயைத் திறந்தால் அதே விண்ணப்பம்தான் வரும்.

எங்கள் காலத்தில் 'கட்டுரையில் பெரிய வார்த்தை போடு, மார்க் விழும்' என்பது வேதவாக்கு. பையன் புட் அப் வித் என்று சரியாக எழுதியிருந்தாலும் அதை அடித்துவிட்டு டாலரேட் என்று சிவப்பு மையில் எழுதிய ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஃப்ரேசல் வெர்ப் என்றாலே கொச்சை என்று ஒரு எண்ணம். கொச்சை இல்லை, ஐயா. ஆங்கிலத்தின் சொந்த ரத்தம் அதில்தான் ஓடுகிறது. வாடகைக்கு வந்த சொல்லைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்காரனைத் திண்ணையில் நிறுத்தினோம்.

ஆனாலும் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை, சொந்தமாகச் சில செய்துகொண்டார்கள். ஃபைலை மேலதிகாரிக்கு அனுப்புவதைப் புட் அப் என்று எந்த அரசு அலுவலகத்திலும் சொல்வார்கள். கல்லூரியை முடிப்பது பாஸ் அவுட். ராணுவப் பயிற்சி முடிந்து நடக்கும் பாஸிங் அவுட் அணிவகுப்பிலிருந்து வந்தது அது. கோப் வித் என்பதில் ஒரு அப்பைச் செருகி கோப் அப் வித் ஆக்கினோம். இவற்றை முழுக்கத் தப்பு என்று தள்ள எனக்கு மனசு வராது. ஒரு மொழியைச் சொந்தமாக நினைக்கிறவன்தான் அதில் கை வைப்பான். ஆனால் எது உள்ளூர் நாணயம், எது வெளியூரிலும் செல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதன் விலை என்ன என்று பிறகு சொல்கிறேன்.

1930இல் சார்ல்ஸ் ஆக்டன் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பேசிக் இங்கிலீஷ். மொத்தம் 850 சொற்கள். உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்றார். அதில் வினைச்சொற்கள் எத்தனை தெரியுமா? 18தான்! கம், கோ, கெட், கிவ், கீப், லெட், மேக், புட், டேக் என்று இப்படிச் சில. மற்ற வினைகளுக்கு எங்கே போவது? சின்னச் சொல்லைச் சேர்த்துக்கொள் என்றார். என்டர் வேண்டாம், கோ இன்டு போதும். சரண்டர் வேண்டாம், கிவ் அப் போதும். 1943இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய சர்ச்சில் இதைத் தூக்கிப்பிடித்தார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிண்டலடித்தார். சர்ச்சில் 1940இல் ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை தருவேன் என்று பேசினாரே, அதை இந்த 850 சொல்லில் சொன்னால் கண்ணீர் கண் தண்ணீராகவும் வியர்வை முகத் தண்ணீராகவும் ஆகிவிடுமே என்று கடிதத்தில் எழுதினார்.

கிண்டல் இருக்கட்டும். திட்டத்தின் உண்மையான ஓட்டை வேறு. 18 வினையை எளிமை என்று கணக்குக் காட்டினார்கள். ஆனால் கிவ் தெரிந்து, அப் தெரிந்துவிட்டால் கிவ் அப் தெரிந்துவிடுமா? அது மூன்றாவது சொல். ஆக்டன் அதை 850இல் எண்ணவில்லை. மளிகைக்கடை பில்லில் அரிசி, பருப்புக்கு மட்டும் விலை போட்டுவிட்டு, சாம்பார் இலவசம் என்று சொல்கிற மாதிரி. அந்தச் சாம்பாரைச் செய்யத்தான் நமக்குத் தெரியாது. ஆங்கிலேயனுக்கு எளிது எதுவோ அது அயலாருக்குக் கஷ்டம் என்று ஜான்சன் 175 வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவைத்ததை இவர் கணக்கில் எடுக்கவில்லை. வங்காளத்தில், டாக்காவில், வகுப்பறையில் ஆங்கிலம் கற்றுத்தந்து பாடப்புத்தகம் எழுதிய மைக்கேல் வெஸ்ட் மாதிரி ஆட்கள் 1934லேயே இந்தத் திட்டத்தை அக்கக்காகப் பிரித்து விமர்சித்தார்கள். நம் மண்ணில் பிள்ளைகள் முன்னால் நின்றவருக்குத் தெரிந்தது கேம்பிரிட்ஜ் அறையில் இருந்தவருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி உண்டு.

இன்னொரு பக்கம் ஜப்பானில் ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில வாத்தியார் இருந்தார். வாக்கியத்தின் அச்சு என்ன, எந்தச் சொல் எங்கே உட்காரும் என்று பார்த்துப் பார்த்து ஒரு அகராதி தயாரித்தார். போர் நடுவே 1942இல் டோக்கியோவில் அது அச்சானது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு எடுத்துப் போட்டது. உங்களில் பலர் மேஜையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் முதல் பிறவி அதுதான். டேக் இட் ஆஃப் சரி, டேக் ஆஃப் இட் தப்பு, இட் மாதிரிப் பொடிச்சொல் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும் என்ற மாதிரி விஷயங்களை அயலார் கண்ணோட்டத்தில் யோசித்த பரம்பரை அது.

அந்தப் பரம்பரையின் காற்று நம் பக்கமும் வீசியது. 1950களின் கடைசியில் சென்னை மாகாணத்தில் ஒரு பெரிய முயற்சி. ஆரம்ப நிலையில் ஆங்கிலம் நடத்தும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது. கொஞ்சப் பேரைப் பயிற்றுவிப்பார்கள், அவர்கள் போய் இன்னும் கொஞ்சப் பேரை, அவர்கள் போய் அடுத்தவர்களை. பனிக்கட்டி உருண்டு உருண்டு பெரிதாவது மாதிரி என்பதால் அதற்கு மெட்ராஸ் ஸ்னோபால் என்றே பெயர். வெயில் கொளுத்துகிற ஊருக்குப் பனிப்பந்து! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பந்து எங்கள் ஊர் வரை உருண்டு வந்தது என்று எனக்கு நேரடியாகத் தெரியும். ஆறாம் வகுப்பில் எங்களுக்கு வந்த ஆசிரியர் வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி. வகுப்புக்குள் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். "ஐ ஆம் டேக்கிங் ஆஃப் மை ஸ்பெக்டக்கிள்ஸ்." திரும்பப் போடுவார். "ஐ ஆம் புட்டிங் ஆன் மை ஸ்பெக்டக்கிள்ஸ்." பிறகு மேல்துண்டு. பிறகு எங்களில் ஒருவனைக் கூப்பிட்டு அவன் தொப்பியை. தொப்பி யாரிடமும் இல்லாததால் செய்தித்தாளில் ஒன்று மடித்து வைத்திருப்பார். ஸ்டாண்ட் அப், சிட் டவுன், கோ அவுட், கம் இன், பிக் இட் அப், புட் இட் டவுன். ஒரு தமிழ்ச் சொல் கிடையாது, பட்டியல் கிடையாது. நாங்கள் யாரும் ஃப்ரேசல் வெர்ப் படிக்கிறோம் என்று அறியவே இல்லை. ஆஃப் என்றால் உடம்பை விட்டுப் போவது, ஆன் என்றால் வந்து ஒட்டுவது என்று கண்ணுக்குத் தெரிந்தது. பந்து உருள உருள, கடைசி வளையத்துக்கு வரும்போது உயிர் குறைந்துபோனது என்று பிற்காலத்தில் விமர்சனங்கள் படித்தேன். உண்மையாக இருக்கலாம். எங்கள் வாத்தியாரிடம் குறையவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? பொதுத்தேர்வில் ஃப்ரேசல் வெர்ப்பை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி மார்க் கொடுக்க ஆரம்பித்ததும், வியாபாரிகள் பட்டியல் அச்சடித்தார்கள். பட்டியல் வந்ததும் மூக்குக்கண்ணாடி போய்விட்டது.

விலை என்ன என்று சொல்கிறேன் என்றேன். என் மாணவி ஒருத்தி இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடும்பத்தில் முதல் பட்டதாரி. தேர்வெல்லாம் எழுதி நல்ல மார்க் வாங்கித்தான் போனாள். போன புதிதில், ஒரு மூதாட்டியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்கவைத்துக்கொண்டிருந்தாள். பாட்டி மெல்லிய குரலில், "ஐ திங்க் ஐ ஆம் கோயிங் டு பாஸ் அவுட், லவ்" என்றாளாம். நம்மூர்ப் பாஸ் அவுட் காலேஜ் முடிப்பது. இந்தப் பாட்டி எந்தக் காலேஜை முடிக்கப்போகிறாள்? ஒரு நொடி அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பாட்டியின் முகம் வெளுத்து, முழங்கால் மடங்குவதைக் கண் பார்த்துவிட்டது. கையை நீட்டித் தாங்கிக் கீழே உட்காரவைத்தாள். அங்கே பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. "மொழி கைவிட்டுது சார், கண் காப்பாத்துச்சு" என்று போனில் சொன்னாள்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் யாரும் வாமிட் என்று சொல்ல மாட்டார்களாம். த்ரோ அப், ப்ரிங் அப். மயக்கம் தெளிவது கம் ரவுண்ட். உடம்பில் தடிப்பு வருவது கம் அவுட் இன் எ ராஷ். வலி மெல்ல மறைவது வேர் ஆஃப். இறந்துபோனவர் பாஸ் அவே. டாக்டர்கள் எழுதுவதெல்லாம் அவளுக்குப் புரிந்தது, அது மாடி ஆங்கிலம், அதைத்தான் நாம் கொடுத்து அனுப்பினோம். படுக்கையில் இருக்கிறவர் வலியில் பேசுவது கீழ்வீட்டு ஆங்கிலம். யாருக்கும் வலிக்கும்போது லத்தீன் வராது. நமக்கும் அப்படித்தான், "அம்மா" என்றுதான் வரும்.

இப்போது என் மாணவியின் மகள் விஷயம். அம்மா கேட்டது லுக் ஆஃப்டர் பற்றி. ஆஃப்டர் என்பதற்குப் பிறகு என்று மட்டும் பொருள் இல்லை, பின்னால் என்றும் உண்டு. தவழ்கிற குழந்தைக்குப் பின்னாலேயே போய்க்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்ப்பவர் யார்? அவர் லுக் ஆஃப்டர் பண்ணுகிறார். நாம் 'பார்த்துக்கொள்' என்கிறோம். பார்த்து, கொள். இதை ஒரு ஆங்கிலக் குழந்தைக்குச் சொன்னால் "பார் என்றால் லுக், கொள் என்றால் டேக், அப்புறம் எப்படி டேக் கேர் ஆச்சு?" என்று அதுவும் அழும்.

நம்மிடம் இந்த மாதிரி எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். கண்டு, பிடி சேர்ந்து கண்டுபிடி, அதாவது ஃபைண்ட் அவுட். தள்ளி, போடு சேர்ந்து தள்ளிப்போடு. புட் ஆஃப் என்பதில் புட் நம் போடு, ஆஃப் நம் தள்ளி. ஒரே படம்! விட்டு, கொடு சேர்ந்து விட்டுக்கொடு, கிவ் இன். கை, விடு சேர்ந்து கைவிடு, அந்தப் பீட்டர்பரோ துறவியின் கிவ் அப்புக்கு ரொம்பப் பக்கம். இவற்றை நாம் எந்த வெள்ளிக்கிழமைக்குள்ளும் மனப்பாடம் பண்ணவில்லை. வீட்டில் ஒருவர் பேச, அடுத்தவர் கோபப்பட, இன்னொருவர் "நீயாவது விட்டுக்கொடேன்" என்று சொல்ல, அந்த இடத்திலேயே சொல் உள்ளே போய்விட்டது.

எனவே 50ஐயும் வரிசையாகப் படிக்க வேண்டாம். பின்னால் வரும் சின்னச் சொல்லை வைத்துக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கச் சொல். அப் என்பதில் ஒரு பெரிய குடும்பம் 'முழுசாக, மிச்சமில்லாமல்' என்று நிற்கும். ஈட் அப் தட்டைக் காலிசெய், டிரிங்க் அப் டம்ளரைக் காலிசெய், யூஸ் அப் தீர்த்துவிடு. பாத்திரம் நிறைய நிறையத் தண்ணீர் மேலே ஏறி விளிம்பைத் தொடுவதை நினைத்துக்கொண்டால் ஃபில் அப் புரியும், மற்றவை அதன் பின்னால் வரும். ஆஃப் குடும்பம் விலகிப் போவது. டேக் ஆஃப், விமானம் தரையை விட்டுப் போகிறது. கால் ஆஃப், கூட்டம் பட்டியலை விட்டுப் போகிறது. அவுட் குடும்பம் மறைவிலிருந்து வெளிச்சத்துக்கு வருவது, ஃபைண்ட் அவுட், பாயின்ட் அவுட். விளக்கு அணைவதும் அவுட்தான், அது அந்தக் குடும்பத்தின் முறைத்துக்கொண்ட சித்தப்பா, தனியாக வைத்துப் படிக்க வேண்டும். எல்லாம் விதிக்குள் அடங்காது. அடங்காதவற்றைப் பத்து பத்தாக, ஒவ்வொன்றுக்கும் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்து வாக்கியம் எழுதச் சொல். பாட்டி, தம்பி, பக்கத்து வீட்டுப் பூனை எல்லாரும் வரட்டும்.

என்னிடம் 1975இல் ஆக்ஸ்ஃபோர்டு போட்ட கவி, மக்கின் இருவரின் ஃப்ரேசல் வெர்ப் அகராதி ஒன்று இருக்கிறது. முதுகு பிய்ந்து, நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயார், வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல். வரும்போது மூக்குக்கண்ணாடியோ தொப்பியோ எடுத்து வரட்டும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறோம்.

கெட் என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கெட் பை, கெட் ஓவர், கெட் அவே, கெட் ஆன் என்று அது ஒரு கூட்டுக்குடும்பம். தீபாவளிக்குப் பிறகு பார்ப்போம். உங்களுக்கு வெளியூரில், வேலையில், ஆஸ்பத்திரியில், மாட்டிவிட்ட ஃப்ரேசல் வெர்ப் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், மார்க் குறைக்க மாட்டேன்.